மாப்பிள்ளை கொண்டுவந்த மூன்று பெட்டி

ராமலிங்கத்துக்குக் கும்பகோணத்தில் டிவி ரிப்பேர் கடை இருந்தது. பெட்டி டிவியெல்லாம் போய்ச் சுவரில் மாட்டுகிற டிவி வந்த பிறகு கடையை மூடிவிட்டு, திண்ணையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு தெருக்காரர்களின் மிக்ஸி, எமர்ஜென்சி லைட் என்று எதையாவது குடைந்துகொண்டிருப்பார். அவருடைய பெண்ணைக் கட்டிய கார்த்திக் சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர். தலை தீபாவளிக்கு முந்தின நாளே வந்து இறங்கியாயிற்று. வேறு யாராவது இந்த மாதிரி ஒரு யோசனையோடு அந்தத் திண்ணையில் ஏறியிருந்தால் ராமலிங்கம் என்ன பேசியிருப்பார் என்பதை இங்கே எழுத முடியாது; ஆனால் தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையிடம் "அது தப்பு" என்று சொல்ல எந்த மாமனாருக்கும் அதிகாரம் கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

கார்த்திக்: மாமா, தூங்குகிறீர்களா?

ராமலிங்கம்: இல்லை மாப்பிள்ளை, சும்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வாருங்கள், உட்காருங்கள். என்ன பை அது, இவ்வளவு கனமாக?

கார்த்திக்: பழைய வீடியோ கேம் மாமா. மொத்தம் மூன்று பெட்டி. இந்த மூன்றையும் பிரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒரு சின்னத் திரை, ஒரு பேட்டரி வைத்து, பஸ்ஸில் போகும்போது கையில் பிடித்து ஆடுகிற மாதிரி நானே ஒன்று செய்யப் போகிறேன். பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

ராமலிங்கம்: பாதி முடிந்துவிட்டதா? எந்தப் பாதி?

கார்த்திக்: பெட்டியெல்லாம் வாங்கியாயிற்று. பெயரும் வைத்துவிட்டேன். ஒயர் வேலைதான் பாக்கி.

ராமலிங்கம்: ரொம்ப நல்லது. முன்னே பின்னே ஈயம் பற்றவைத்துப் பழக்கம் உண்டா?

கார்த்திக்: வீடியோவில் நிறையப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் பெஞ்சமின் ஹெக்கெண்டார்ன் என்று ஒருவர், 2000-ஆம் ஆண்டிலேயே அட்டாரி 2600 என்கிற பழைய வீடியோ கேமைப் பிரித்துக் கையடக்கமாகச் செய்துவிட்டார். அவரால் முடிகிறது என்றால் நம்மால் முடியாதா?

ராமலிங்கம்: தாராளமாக முடியும். அவரும் மாமனார் வீட்டில் வைத்துத்தான் செய்தாரா?

கார்த்திக்: அதைப் பற்றி எங்கேயும் போடவில்லை மாமா. சரி, இதைப் பாருங்கள். இது நான் நாலாவது படிக்கும்போது அப்பா வாங்கிக் கொடுத்தது, கேசட் போட்டு ஆடுவது. இது பிளேஸ்டேஷன், ஆன்லைனில் ஒருவரிடம் பழசாக 600 ரூபாய்க்கு வாங்கினேன், பாவம், அவருக்கு அதன் மதிப்புத் தெரியவில்லை. இது கம்ப்யூட்டர், கீபோர்டோடு சேர்ந்தே வரும். ஆகமொத்தம் மூன்று தலைமுறையும் ஒரே பெட்டியில்!

ராமலிங்கம்: (இரண்டாவது பெட்டியின் வட்ட மூடியைத் திறக்கிறார், மூடுகிறார், மறுபடியும் திறக்கிறார்) மாப்பிள்ளை, பிளேஸ்டேஷனில் சிடிதானே போடுவார்கள்?

கார்த்திக்: ஆமாம்.

ராமலிங்கம்: இதில் மூடிக்குக் கீழே கேசட் சொருகுகிற வாய் இருக்கிறதே.

கார்த்திக்: ரொம்பப் பழைய மாடலாக இருக்குமோ?

ராமலிங்கம்: இருக்கும், இருக்கும். மேலே என்ன பெயர் போட்டிருக்கிறது, கொஞ்சம் படியுங்கள். என் கண்ணாடி உள்ளே இருக்கிறது.

கார்த்திக்: ஸ்டேஷன் என்பது சரியாகத்தான் போட்டிருக்கிறது மாமா. முன்னால் இருப்பதுதான் ‘பிளே’ இல்லை.

(மூன்று பெட்டியின் திருகுகளும் ஒரு தட்டில் சேர்கின்றன. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முக்கால்வாசி காற்று. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு நிற போர்டு, அதன் நடுவில் தார் சொட்டி உறைந்தது போல ஒரு கருப்புப் பொட்டு.)

ராமலிங்கம்: மூன்றும் ஒரே ஆள்தான் மாப்பிள்ளை. வேஷம்தான் வேறு.

கார்த்திக்: அதெப்படி? கீபோர்டு இருக்கிறதே?

ராமலிங்கம்: அது கொஞ்சம் கூடுதல் வேஷம்.

கார்த்திக்: (போர்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு) அப்படியென்றால் மூன்றுமே ஃபேமிகாம் என்கிற வீடியோ கேமின் காப்பி. அசல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-இல் விட்டது. அதில் கணக்குப் போட ஒரு சிப், படம் போட ஒரு சிப், நினைவுக்கு என்று வெறும் 2 கிலோபைட், எல்லாம் தனித்தனியாக இருக்கும். காப்பியடித்தவர்கள் போகப் போக ஏறக்குறைய மொத்தத்தையும் ஒரே சிப்பில் அடக்கி, மேலே இந்தக் கருப்புப் பசையை ஊற்றிவிட்டார்கள்.

ராமலிங்கம்: 2 கிலோபைட்டா? என் தம்பி தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற காலை வணக்கம் படமே அதைவிடப் பல மடங்கு இருக்குமே.

கார்த்திக்: அதை வைத்துத்தான் மாமா எங்கள் லீவு முழுக்க ஓடியது. கேசட்டில் 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது கொஞ்சம்தான், அதையே பெயரை மாற்றி, வேறு வேறு ஸ்டேஜிலிருந்து ஆரம்பிக்க வைத்து, திருப்பித் திருப்பி அடுக்கியிருப்பான்.

ராமலிங்கம்: சரி, நல்லதாகப் போயிற்று. மூன்றைச் சேர்க்கிற வேலை மிச்சம். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் உதிரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கார்த்திக்: மூன்றையும் சேர்த்தால் வேகம் மூன்று மடங்காகாதா?

ராமலிங்கம்: (மூச்சை இழுத்து விட்டு) நல்ல கேள்வி. ஆகாது.

கார்த்திக்: அப்போது கரண்ட் கணக்கும் மாறிவிடுமே. ஆளுக்கு 9 வோல்ட் அடாப்டர், மூன்றுக்கும் சேர்த்து 27 வோல்ட் என்று எழுதி வைத்திருந்தேன்.

ராமலிங்கம்: அது ஆடிட்டர் ஆபீஸ் கூட்டல் மாப்பிள்ளை, அங்கே சரியாகவே இருக்கும். இங்கே பாருங்கள், ஓரத்தில் அலுமினியத் தகட்டோடு மூன்று கால் வைத்து நிற்கிறதே, இதற்குப் பெயர் 7805. நீங்கள் 9 வோல்ட் கொடுத்தாலும் அந்தக் கருப்புப் பொட்டுக்கு இது 5 வோல்ட்தான் விடும். மிச்சம் 4 வோல்ட்டையும் சூடாக்கித் தள்ளிவிடும், தகடு அதற்காகத்தான். சுவரில் சொருகும்போது யார் கணக்குக் கேட்கிறார்கள்? பேட்டரியில் ஓட்டும்போதுதான் அந்தச் சூடு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

கார்த்திக்: புரிகிறது மாமா. அப்புறம், போர்டு கொஞ்சம் அகலமாக இருக்கிறது. ஓரத்தை ஆக்ஸா பிளேடு வைத்து அறுத்துவிடவா?

ராமலிங்கம்: தாராளமாக அறுக்கலாம். அந்தப் பக்கம் ஓடுகிற கோடெல்லாம் கேசட்டுக்குப் போகிறது. 60 பின். அறுத்துவிட்டு ஒவ்வொன்றையும் மெல்லிய ஒயர் வைத்து மறுபடி இழுக்க வேண்டும். பிளேடு கொண்டுவரட்டுமா?

கார்த்திக்: வேண்டாம் மாமா. ஆனால் திரை விஷயத்தில் நான் தப்பே செய்யவில்லை. காரைப் பின்னால் எடுக்கும்போது பார்ப்பார்களே, அந்த 4.3 அங்குலத் திரை.

ராமலிங்கம்: (முதல் தடவையாக முகம் மலர்ந்து) அட! இது உண்மையாகவே நல்ல யோசனை.

கார்த்திக்: அப்படியானால் இதுவரை நல்லது, நல்லது என்று சொன்னதெல்லாம்?

ராமலிங்கம்: அதுவும் நல்லதுதான், யார் இல்லை என்றது? இதில் மஞ்சள் பின், டிவி கேமிலும் படத்துக்கு மஞ்சள் பின், நேராகச் சொருகிவிடலாம். மேலே 12 வோல்ட் என்று போட்டிருக்கிறான், ஆனால் இந்த மாதிரித் திரைகள் பலவற்றில் உள்ளே அதைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

(மேசை டிராயரைப் பூட்டு திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய பழைய முள் மீட்டரை எடுக்கிறார். கண்ணாடியின் ஒரு மூலையில் விரிசல், அதன் மேல் இன்சுலேஷன் டேப். கார்த்திக் கையை நீட்டுகிறார். மீட்டர் மேசையின் மறுபக்கம் போய்விடுகிறது.)

ராமலிங்கம்: இதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் மாப்பிள்ளை. நீங்கள் டார்ச் பிடியுங்கள். ம்... முள் நிற்கிறது பாருங்கள், 5 வோல்ட்தான். அதுவும் 5, இதுவும் 5. ஜாதகம் பொருந்திவிட்டது.

(நாலைந்து ஒயரை முறுக்கி, கேசட்டைச் சொருகி, அடாப்டரைப் போடுகிறார்கள். திரை நீலமாகி, ஒரு தடவை நடுங்கி, கேம் பட்டியல் வருகிறது. கார்த்திக் எழுந்து நின்றே விடுகிறார்.)

கார்த்திக்: மாமா! வந்துவிட்டது மாமா! துப்பாக்கியையும் சேர்த்துவிடலாமா? வாத்து சுடுகிற துப்பாக்கி, பையில்தான் இருக்கிறது.

ராமலிங்கம்: எப்படிப் பிடிப்பீர்கள்?

கார்த்திக்: இடது கையில் பெட்டி, வலது கையில் துப்பாக்கி.

ராமலிங்கம்: பஸ்ஸிலா?

கார்த்திக்: உட்கார இடம் கிடைத்தால்தான்.

ராமலிங்கம்: கண்டக்டர் என்ன நினைப்பார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் துப்பாக்கி சுடுவதே இல்லை மாப்பிள்ளை, அது பார்க்கிறது. விசையை அழுத்தியதும் கண் இமைக்கிற நேரத்துக்குத் திரை முழுக்கக் கருப்பாகும், வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் வரும். அந்த வெளிச்சம் துப்பாக்கிக் குழாய்க்குள் விழுந்தால் வாத்து செத்தது என்று கணக்கு. பெட்டி டிவியில் எலக்ட்ரான் கற்றை நொடிக்கு 15,625 கோடு கிழித்துப் படம் போடும், துப்பாக்கி தேடுவது அந்தத் துடிப்பைத்தான். இந்த எல்சிடியில் அந்தத் துடிப்பு கிடையாது, படமும் ஒரு பொடி தாமதமாக வரும். நீங்கள் திருச்சி வரைக்கும் சுட்டாலும் ஒரு வாத்தும் சாகாது. அதெல்லாம் என்ன டிவி! பின்பக்கம் திறந்தால் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். அணைத்து வைத்த பிறகும் உள்ளே ஷாக் அடிக்கக் காத்திருக்கும். அப்படிப்பட்டதை எடைக்குப் போட்டார்கள், மாப்பிள்ளை, எடைக்கு!

கார்த்திக்: விடுங்கள் மாமா. மேல் பெட்டிக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். சமையலறையில் சும்மா கிடந்தது.

(எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று மேசைக்கு வருகிறது.)

ராமலிங்கம்: இது சும்மா கிடக்கிற சாமான் இல்லையே. அடியில் பெயர் வெட்டியிருக்கிறது பார்த்தீர்களா? உங்கள் அத்தைக்கு அவர்கள் அம்மா வீட்டில் கொடுத்த சீர்.

கார்த்திக்: நல்ல கனம். கீழே விழுந்தாலும் உடையாது.

ராமலிங்கம்: உடையாது. ஆனால் முழுக்க உலோகம், எந்தக் கால் எங்கே பட்டாலும் ஷார்ட்தான். அதுகூடப் பரவாயில்லை, இதில் பட்டனுக்கு ஓட்டை போட்டது உள்ளே தெரிந்தால் நீங்கள் நாளை மறுநாள் சென்னைக்குப் போய்விடுவீர்கள், நான் இங்கேயே சாப்பிட வேண்டியவன். லட்டு வந்த பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது, அதை எடுத்துத் தருகிறேன். பேட்டரிக்கு என்ன செய்வதாக உத்தேசம்?

கார்த்திக்: பழைய லேப்டாப்பிலிருந்து உரித்த லித்தியம் செல். பென்சில் செல் எல்லாம் கட்டுப்படியாகாது மாமா. சேகா கம்பெனியே 1995-இல் நோமட் என்று ஒரு கையடக்கப் பெட்டி விட்டது, ஆறு பென்சில் செல்லைத் தின்றுவிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும்.

ராமலிங்கம்: பவர் பேங்க் வைத்திருக்கிறீர்களே, அதுவே போதும். அது கொடுப்பதும் 5 வோல்ட். 7805-ஐக் கழற்றிவிட்டு, எழுத்துப் பக்கம் நம்மைப் பார்த்து இருக்கும்போது வலது ஓரத்துக் கால் இருந்த இடத்தில் பிளஸ்ஸையும், நடுக்கால் இருந்த இடத்தில் மைனஸையும் கொடுத்தால் முடிந்தது வேலை. சார்ஜ் ஏற்றுவது, தீர்ந்தால் நிறுத்துவது, எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கரண்ட் ரொம்பக் குறைவாக இழுத்தால் சில பவர் பேங்க் தானாக அணைந்துவிடும், திரையும் சேர்ந்து இழுப்பதால் அந்தத் தொல்லையும் இருக்காது.

கார்த்திக்: கடையில் வாங்கிய பவர் பேங்கை வைத்தால் நானே செய்தேன் என்று எப்படிச் சொல்வது?

ராமலிங்கம்: அந்தக் கருப்புப் பொட்டு நீங்கள் செய்ததா என்று நான் கேட்கவில்லை பாருங்கள்.

கார்த்திக்: அதுவும் சரிதான்.

ராமலிங்கம்: இந்தாருங்கள், அயர்ன் சூடாகிவிட்டது. மற்ற போர்டில் பழகுங்கள். முனையில் ஈயத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பூசக்கூடாது. முதலில் காலையும் போர்டையும் சேர்த்துச் சூடாக்குங்கள், அப்புறம் ஈயத்தை அங்கே காட்டுங்கள், தானே ஓடிப் படியும். ரொம்ப நேரமும் வைக்காதீர்கள், செம்புக் கோடு பெயர்ந்து வந்துவிடும். நான் அதற்குள் இந்த 7805-ஐ எடுத்துவிடுகிறேன். இருக்கிற ஈயத்தை உறிஞ்சிவிட்டால் கால் மூன்றும் லேசாக... மாப்பிள்ளை, ஏன் சத்தத்தையே காணோம்?

(திரும்பிப் பார்க்கிறார். டிபன் பாக்ஸுக்குள் இரண்டு லித்தியம் செல்கள் படுத்திருக்கின்றன. ஒன்றின் தலையில் கார்த்திக் அயர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.)

ராமலிங்கம்: டேய்! எடுடா கையை! லித்தியம் செல்லில் நேராகச் சூட்டை வைக்கிறாயே, அறிவு இருக்கிறதா? அதுவும் எவர்சில்வர் டப்பாவுக்குள்ளே! இரண்டு முனையும் தகட்டில் பட்டால் என்ன ஆகும் தெரியுமா? தீபாவளி நாளைக்குத்தான்டா!

(சமையலறையில் ஜல்லிக்கரண்டிச் சத்தம் நின்றுபோகிறது.)

கார்த்திக்: (அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு) மாமா, ‘டா’ போட்டீர்கள்.

ராமலிங்கம்: போட்டேனா?

கார்த்திக்: இரண்டு தடவை. ‘டேய்’ தனி.

ராமலிங்கம்: கடை ஞாபகத்தில் வந்துவிட்டது மாப்பிள்ளை. வேலை கற்க வந்த பையன்களை அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். உங்கள் அத்தை காதில் விழுந்திருக்காது.

கார்த்திக்: எண்ணெய்ச் சத்தம்கூடக் கேட்கவில்லை மாமா. அடுப்பையே அணைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ராமலிங்கம்: (குரலைத் தாழ்த்தி) நாளைக்குக் காலையில் மோதிரம் போடுவதாக இருக்கிறோம். அரை சவரன். முக்கால் சவரனாக்கிவிடுகிறேன், கொஞ்சம் சிரித்த முகமாக உள்ளே போங்கள்.

கார்த்திக்: மோதிரமெல்லாம் எதற்கு மாமா? அந்த முள் மீட்டரைக் கொடுத்துவிடுங்கள், போதும்.

ராமலிங்கம்: (மீட்டரைத் துணியில் சுற்றி டிராயருக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு) ஒரு சவரனாகவே போட்டுவிடுகிறேன், மாப்பிள்ளை.