நாடா வெட்டக் காசு உண்டு, ரவுட்டருக்கு இல்லை

திரும்பவும் ஒரு செயலமர்வு. வகுப்பறையில் டிஜிட்டல் வளங்களைப் பயன்படுத்துவது பற்றியாம். சனிக்கிழமை காலை எட்டரைக்கு வவுனியாவில் நிற்க வேண்டும். துணுக்காய்ப் பக்கத்து உள்கிராமம் ஒன்றிலிருந்து அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்வதென்றால், விடியப்புறம் யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து மாங்குளம் சந்தியில் இறக்கிவிட வேண்டும். சரி, அது எங்களுக்குப் பழகிப்போனதுதான். கடிதத்தின் கடைசி வரியைப் படித்தபோதுதான் எனக்கு விசர் ஏறியது. பங்குபற்றுவோர் மடிக்கணினியையும் இணைய வசதியையும் தம்முடன் எடுத்து வருதல் வேண்டுமாம்.

எங்கிருந்து எடுத்து வருவது? பாடசாலையில் இணையம் இருந்தால் நான் ஏன் சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன்? 

நான் கணித ஆசிரியை. தரம் 11 வரை உள்ள ஒரு வகை 2 பாடசாலை. கணினி அறைக்கும் நான்தான் பொறுப்பு. இதற்குப் பெரிய தகைமை ஒன்றும் கிடையாது. ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில் புரொஜெக்டரின் வயரைச் சரியான இடத்தில் செருகிவிட்டேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து திறப்புக் கோர்வை என் கையில்.

எங்கள் பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் வந்த கதையைச் சொல்ல வேண்டும். யார் தந்தது என்று சொல்ல மாட்டேன், தந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. திறப்பு விழாவுக்குப் பிள்ளைகளைக் காலையிலேயே வரிசையில் நிறுத்திவிட்டோம். பாண்ட் வாத்தியம், மாலை, பொன்னாடை, மங்கல விளக்கு, வரவேற்பு நடனம். விருந்தினர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. நாடா வெட்டினார்கள். பெயர்ப்பலகைக்குத் திரை நீக்கினார்கள். பிறகு ஒருவர் விரலால் போர்டில் ஒரு கோடு இழுத்தார், எல்லோரும் கை தட்டினார்கள், நிறையப் படம் எடுத்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே இருந்த ஒரே ஒரு நல்ல அறையை அதற்காகவே பூசி, வெள்ளை அடித்து, கம்பி போட்டு வைத்திருந்தோம். அந்த வேலைக்குக் காசு தந்தது பெற்றோர்தான். பெயர்ப்பலகையில் அவர்கள் இல்லை.

போர்டோடு ஒரு ரவுட்டரும், டேட்டா போட்ட சிம் ஒன்றும் வந்தன. டேட்டா இருக்கும்வரை நன்றாகத்தான் ஓடியது. முடிந்த பிறகு யார் ரீலோட் பண்ணுவது? திட்டத்தில் அப்படி ஒரு செலவுத் தலைப்பே இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டோம். கற்பித்தல் பொருட்களுக்கென்று வருகிற தர உள்ளீட்டுப் பணத்தில் பாருங்கள் என்றார்கள். அந்தப் பணம் மாணவர் தொகையை வைத்து வருவது. எங்களைப் போன்ற சின்னப் பாடசாலைக்கு அது கடதாசிக்கும் மார்க்கர் பேனைக்குமே இழுபறி. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கேட்கலாம் என்றார்கள். சங்கத்தில் இருப்பவர்கள் யார்? கூலிக்கு வயலில் இறங்குகிறவர்களும் குளத்தில் வலை போடுகிறவர்களும் தானே. பிள்ளையின் கொப்பிக்கே யோசிக்கிற தாயிடம் போய், அம்மா, ரவுட்டருக்கு மாதக்காசு தாங்கோ என்று எந்த முகத்தோடு கேட்பது?

அதனால் என் போனிலிருந்து இணையம் கொடுத்தேன். இன்றுவரை அப்படித்தான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பியதும் எங்கள் சொந்தப் போனில், எங்கள் சொந்தக் காசில்தான். அப்போது அவசரம் என்றார்கள், சரியென்று செய்தோம். அந்த அவசரம் எப்போது முடிந்தது என்று மட்டும் யாரும் அறிவிக்கவில்லை. 2022 இல் கடதாசித் தட்டுப்பாடு வந்தது, வினாத்தாளைப் போனில் அனுப்புங்கள் என்றார்கள். அதே நாட்களில் கரண்ட் 13 மணிநேரம் வரை நின்றது. போனை எதில் சார்ஜ் பண்ணுவது என்பதற்குச் சுற்றுநிருபம் வரவில்லை.

பிறகு ஒக்டோபர் வந்தது. வன்னியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பருவமழைக்கு முந்திய அந்தக் கிழமைகளில் பின்னேரமானால் இடி எப்படி முழங்கும் என்று. வெளியான நிலம், தனித்து நிற்கிற கட்டடம், ஒழுங்கான புவித்தொடுப்பு (எர்த்) இல்லாத வயரிங். ஓர் இடியோடு ரவுட்டர் போனது, யூபிஎஸ் போனது, போர்டின் உள்ளே எதுவோ போனது. உத்தரவாதம் இருக்கிறதே என்று அழைத்தோம். மின்னலுக்கு உத்தரவாதம் செல்லாதாம். திருத்துகிறவர் கொழும்பிலிருந்து வரவேண்டும், அவருடைய பயணச் செலவும் தங்குமிடமும் பாடசாலையின் பொறுப்பாம். இத்தனை இலட்சத்துக்குப் பொருள் வாங்கித் தந்தவர்கள், இங்கே இடி விழுமா என்று ஒருவரிடமாவது கேட்டிருந்தால், ஒரு நல்ல மின்னல் தடுப்புக் கருவியை அந்தக் கணக்கிலேயே சேர்த்திருக்கலாம். பொன்னாடை வாங்கிய காசில் பாதி போதும் அதற்கு.

இனித்தான் உண்மையான கூத்து. பழுதான போர்டை எறிய முடியாது, கழற்ற முடியாது, மூலையில் தள்ளவும் பயம். அது பொருட்பதிவேட்டில் ஏறிவிட்டது. வருடா வருடம் எண்ணிப் பார்க்க வருவார்கள். ஒன்று குறைந்தால் நிதிப் பிரமாணத்தைத் தூக்கிக்கொண்டு விசாரணை. பொறுப்பாளர் தவறு என்று முடிந்தால் சம்பளத்தில் கழிவு. இந்தப் பயத்தில்தான் எத்தனையோ அதிபர்மார் நல்ல நிலையில் உள்ள பொருளையும் பூட்டி வைக்கிறார்கள். அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டு, கொடுத்ததைப் பாவிக்கத் தெரியாதவர்கள் என்று திட்டுகிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள். மவுஸ் தொலைந்தாலும் நான் கையெழுத்துப் போட்டு விளக்கம் எழுத வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை அந்த அறைக்குள் விட எவ்வளவு துணிவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது.

அதனால் என்ன நடக்கிறது? சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கிற பிள்ளை பாஸ்கல் என்ற கணினி மொழி நிரலைக் கொப்பியில் எழுதுகிறாள். நான் வெண்பலகையில் எழுதுகிறேன், பிள்ளை பார்த்து எழுதுகிறாள். நிரல் ஓடினால் என்ன வரும் என்பதை நானே வாயால் சொல்கிறேன். உயர்தரத்துக்கு வேறு பாடசாலை போய்ப் பைதன் படிக்கும்போது, விசைப்பலகையில் முக்காற்புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடும் பிள்ளையைப் பார்த்து அங்கே உள்ளவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியது அவளைப் பார்த்தா?

கணினிகளே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. லண்டனில் ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை நம்மவர் ஒருவர் அக்கறையோடு பொதி செய்து அனுப்பியவை. அனுப்பிய மனதுக்கு நன்றி, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். எங்களிடம் உள்ளவை அதற்கும் மூத்தவை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும், அதற்குக் காசும் தேவையில்லை. ஆனால் லினக்ஸ் போடவும் பராமரிக்கவும் ஒரு செயலமர்வு வைத்தார்களா? வைக்கமாட்டார்கள். திரும்பத் திரும்ப வேர்ட், பவர்பொயின்ட்.

செயலமர்வுகளைப் பற்றித் தனியாகக் குமுற வேண்டும். வளவாளர் ஆங்கிலத்தில் எழுதிய பவர்பொயின்டைத் தமிழில் வாசிப்பார். மண்டபத்து வைஃபை, அத்தனை பேரும் ஒன்றாக இணைந்த கணத்தில் படுத்துவிடும். கணக்குத் திறக்கிறோம், கடவுச்சொல் போடுகிறோம், உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி வரவில்லை என்று காத்திருக்கிறோம், அதற்குள் பத்துமணித் தேத்தண்ணீரும் ரோல்ஸும் வந்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. பாடத்திட்டமிடலை அது நொடியில் எழுதித் தருமாம். தரட்டும். எனக்கு நேரம் போவது பாடம் திட்டமிடுவதிலா? மாணவர் விபரத்தை கல்வி அமைச்சின் நெமிஸ் தரவுத்தளத்தில் ஒருமுறை, வலயம் அனுப்பும் எக்செல் படிவத்தில் ஒருமுறை, பிறகு கோட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடதாசியில் ஒருமுறை என்று ஒரே பெயரை ஓயாமல் அடிப்பதில் போகிறது. அந்த மூன்றையும் ஒன்றாக்க எந்த நுண்ணறிவும் வேண்டாம், கொஞ்சம் மனம் வைத்தால் போதும்.

கடைசியில் சான்றிதழ், குழுப்படம். கணித ஆசிரியருக்கும் வரலாற்று ஆசிரியருக்கும் ஆரம்பப்பிரிவு ஆசிரியைக்கும் ஒரே பாடம், ஒரே சான்றிதழ். ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியை வைத்து வட்டத் தேற்றங்களைப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது என்று எனக்கு எந்தச் செயலமர்வும் சொல்லித் தரவில்லை. அது இலவசம், போனிலும் ஓடும், ஒருதரம் இறக்கிவிட்டால் இணையமே தேவையில்லை. பரிதியில் உள்ள புள்ளியை விரலால் நகர்த்த நகர்த்தக் கோணம் மாறாமல் நிற்பதைப் பார்த்தால் போதும், ஒரே துண்டக் கோணங்கள் சமன் என்பதை நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. நானாகத் தேடிப் படித்தேன். விஞ்ஞானத்துக்கு ஃபெட் என்று ஒன்று இருக்கிறது, கொலராடோப் பல்கலைக்கழகத்தார் செய்தது. சுற்று, மின்னோட்டம், விசை எல்லாம் அதில் பிள்ளையே செய்து பார்க்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆய்வுகூடம் இல்லாத எங்களுக்கு இதை அல்லவா காட்ட வேண்டும்?

இன்னொன்று. பயிற்றப்பட்டவர் நிற்கிறாரா? யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வருகிற இளம் ஆசிரியர்கள் விடிய முன்னர் ஏ9 பஸ்ஸில் ஏறி வந்து கட்டாய சேவைக்காலத்தை முடிக்கிறார்கள், இடமாற்றம் கிடைத்ததும் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீடு வாசல் எல்லோருக்கும் உண்டு. ஆனால் பயிற்சியும் அவர்களோடு சேர்ந்து பஸ் ஏறிவிடுகிறது. பொருள் இங்கே, படித்த ஆள் அங்கே. ஒரு பாடசாலையில் நான்கைந்து பேருக்கு அந்தப் பாடசாலையிலேயே, அங்கே இருக்கிற பழைய கணினியிலேயே சொல்லிக்கொடுத்தால் ஒருவர் போனாலும் மற்றவர் நிற்பார். வளவாளர் இங்கே வரவேண்டும் என்பதுதான் சிக்கல். உள்வீதிக்கு வாகனம் வராதாம்.

மானியத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அறிவுரை வேறு. விண்ணப்பித்தும் பார்த்தாயிற்று. படிவம் முழுக்க ஆங்கிலம், இணையத்தில்தான் நிரப்ப வேண்டும், இடையில் சிக்னல் போனால் முதலிலிருந்து. அதில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும்: நிதி முடிந்த பிறகு இத்திட்டம் எவ்வாறு நிலைத்து நிற்கும்? அட, நான் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்கிறீர்களே! உழவு இயந்திரத்தைத் தந்துவிட்டு, டீசலுக்கு என்ன வழி வைத்திருக்கிறாய் என்று கூலிக்காரனைக் கேட்பது போல. பாடசாலைச் சமூகம் பொறுப்பேற்கும் என்று எழுதினால்தான் புள்ளி கிடைக்கும். எல்லாப் பாடசாலையும் அப்படித்தான் எழுதுகிறது. அது பொய் என்று எழுதுகிறவருக்கும் தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும்.

டிஜிட்டல் வளம் தமிழில் இருக்கிறது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தைப் பாருங்கள் என்பார்கள். பார்க்கிறேன், உபயோகமானவையும் உண்டு. ஆனால் ஒரு பிடிஎஃப் இறக்கவே சிக்னல் வரும் மரத்தடிக்குப் போக வேண்டிய இடத்தில் இணையத்தில் மட்டும் வைத்திருந்து என்ன பயன்? தரவாரியாக, பாடவாரியாக எல்லாவற்றையும் ஒரு வன்தட்டில் நிரப்பி வலயத்துக்கு ஒன்று கொடுத்தால் நாங்கள் பிரதி எடுத்துக்கொள்வோம். அப்புறம் யூனிகோடுக்கு முந்திய அந்தப் பாமினி எழுத்துரு. பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கணக்கை எடுத்து ஒட்டினால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது. யூனிகோட் வந்து இத்தனை காலம் ஆகியும் அலுவலகக் கடிதம் பாமினியில்தான் வருகிறது. அதே அலுவலகம்தான் எங்களை நவீனமாக மாறச் சொல்கிறது.

ஆகவே கனடாவிலும் சுவிஸிலும் பாரிஸிலும் இருந்து, ஊர்ப் பாடசாலைக்கு என்ன தேவை ரீச்சர் என்று அன்போடு கேட்கிறவர்களுக்கும், திட்டத்தோடு வருகிற நிறுவனங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இன்னொரு ஸ்மார்ட் போர்ட் வேண்டாம். மூன்று வருடத்துக்கு இணையக் கட்டணத்தை நேராகக் கட்டிவிடுங்கள். மின் இணைப்புக்குப் புவித்தொடுப்பும் மின்னல் தடுப்பும் போட ஒரு நல்ல மின்னியலாளரை அனுப்புங்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கணினி திருத்தத் தெரிந்த ஒரு தம்பிக்கு, பத்துப் பாடசாலைகளைச் சுற்றி வர மாதம் ஒரு தொகையும் பெற்றோல் காசும் கொடுங்கள். யூபிஎஸ் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துப்போகும், அதையும் கணக்கில் போடுங்கள். இவற்றில் எதற்கும் நாடா வெட்ட முடியாதுதான். பரவாயில்லை, இணையக் கட்டணப் பற்றுச்சீட்டைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு வைக்கிறேன், வந்து திரை நீக்கம் செய்யுங்கள். பாண்ட் வாத்தியத்துக்கும் நான் பொறுப்பு.