முழு நைட் பழகிடுமா?

நூல் மில்லில் ராத்திரி முழுக்க விடியும்வரை ஓடுகிற ஷிஃப்டுக்குப் பெயர் முழு நைட். மில்லுக்குப் புதிதாக வருகிற பையன்கள் கேட்பது இதைத்தான்: "நைட்டு பழகிருமுங்களாண்ணா?" பெரியவர்கள் சொல்வதும் எப்போதும் ஒன்றுதான்: "ஒரு மாசத்துல பழகிரும் கண்ணு." கோயம்புத்தூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக இதைச் சொல்லி வருகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கைக்கு வேலை பழகும். உடம்புக்கு ராத்திரி பழகுவதில்லை.

நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் இயந்திரத்தில் சைடு பார்ப்பவர்களுக்கு, அதாவது ஒரு பக்கத்தைக் கவனித்து அறுந்த நூலை ஒட்டுபவர்களுக்குத் தெரியும், பன்னிரண்டு மணி வரை ஒன்றும் தோன்றாது. மூன்று மணிக்கு மேல்தான் சோதனை. நூல் அறுந்தது கண்ணுக்குத் தெரிகிறது, விரல் போய்ச் சேரத் தாமதமாகிறது. நூல் சுற்றி ஓடுகிற ஸ்பிண்டில் பக்கத்தில் அந்தத் தாமதம் ஆபத்து. அதைச் சோம்பேறித்தனம் என்று மேஸ்திரி திட்டுவது அநியாயம். விடியற்காலையில் உடம்புச் சூடே இறங்கிவிடும். பகலில் தூங்கியிருந்தாலும் அந்நேரம் கண் சொருகத்தான் செய்யும். காலையில் வெளியே வந்ததும் கண்ணில் படுகிற வெயில் உடம்பை மறுபடி பகல் கணக்குக்கே இழுத்துவிடுகிறது. அப்புறம் எங்கே பழகுவது?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடம்பின் நேரக்கணக்கைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 2007-லேயே 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' என்ற பிரிவில் வைத்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தபோதும் இரவு ஷிஃப்ட் அதே பிரிவில்தான் இருந்தது.

மில் ராத்திரியில் ஓடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஷிஃப்டை மாற்றும்போது பகல், அரை நைட் (சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி வரை), முழு நைட் என்ற வரிசையில் மாற்றுங்கள். தூக்கத்தைத் தள்ளிப்போடுவதாவது உடம்புக்கு முடியும், முன்னாடி இழுப்பது ரொம்பக் கஷ்டம். ரிலீவர், அதாவது அடுத்த ஷிஃப்டுக்கு மாற்ற வேண்டிய ஆள், வரவில்லை என்று முழு நைட் முடித்தவரைப் பகலுக்கும் நிறுத்தாதீர்கள். வார லீவையும் ஒழுங்காகக் கொடுங்கள். நள்ளிரவு தாண்டி ஓடும் ஷிஃப்டுக்கு, ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து முழு 24 மணி நேரம்தான் வார விடுமுறை என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது.

பெண்கள் பாடு இன்னும் மோசம். எங்கள் லைன் வீட்டில் ஒரு அக்கா முழு நைட் முடித்து வந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் அடுப்பைப் பற்றவைப்பார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தண்ணீர் பிடித்து, துணி துவைத்துவிட்டுப் படுக்கும்போது மணி பதினொன்றாகிவிடும். மதியம் யாராவது கதவைத் தட்டுவார்கள். அவர் வீட்டுக்காரர் நைட் முடித்து வந்தால் வீடே சத்தமில்லாமல் இருக்கும். இதை எந்தச் சட்டமும் சரிசெய்யாது, வீட்டில் இருப்பவர்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

புதிதாக வரும் தம்பிகளுக்கு: சாப்பாட்டை ஷிஃப்டுக்கு முன்பே முடித்துவிடு, நடுராத்திரியில் வயிறு முட்டச் சாப்பிடாதே. இரண்டு மணிக்கு மேல் டீ வேண்டாம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டு, வந்த கையோடு படு. போனை அணைத்து வை.

விடுதி நடத்தும் மில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று ஷிஃப்ட் ஆட்களையும் ஒரே அறையில் போடாதீர்கள். ஷிஃப்ட் வாரியாக அறை பிரித்துக் கொடுக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.