முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டுமா?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் கோல்ஃப் மைதானங்களில் முதலைகள் நடமாடும் காணொளிகளுடன், "முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓடுங்கள், முதலையால் சட்டெனத் திரும்ப முடியாது" என்ற அறிவுரையும் பகிரப்பட்டு வருகிறது. இது தவறு, நம்பி நடந்தால் ஆபத்தும் கூட.

அங்குள்ள அலிகேட்டர் வகை முதலை, பதுங்கியிருந்து பாயும் விலங்கு. நிலத்தில் மனிதரை நெடுந்தூரம் துரத்தும் வழக்கம் அதற்கு இல்லை. சிறிது தூரம் வேகமாகப் பாய்ந்தாலும் விரைவிலேயே களைத்துவிடும். பக்கவாட்டில் சட்டெனத் தலையை வீசிக் கவ்வவும் அதனால் முடியும். ஆகவே நீர்நிலையை விட்டு விலகி நேராக ஓடுவதே சரி. வளைந்து ஓடுபவர் வீணாக அதன் அருகிலேயே கூடுதல் நேரம் இருக்கிறார்.

கவலைக்குரிய இடம் குளத்தின் விளிம்புதான். கரையோரம் விழுந்த பந்தை எடுக்க ஒருவர் குனியும்போது, கண்களும் மூக்குத் துளைகளும் மட்டும் வெளியே தெரிய, கலங்கிய நீரில் அசையாமல் கிடக்கும் முதலை அவர் கண்ணில் படுவது அரிது. அந்தி முதல் விடியல் வரை அது சுறுசுறுப்பாக இரை தேடும் என்பதால், மாலை ஆட்டத்தில் அந்தப் பந்தை விட்டுவிடுங்கள். உணவுக்குப் பழகிய முதலை மனிதரிடம் அச்சத்தை இழந்துவிடுகிறது. அதனாலேயே காட்டு முதலைக்குத் தீனி போடுவது புளோரிடாவில் சட்டப்படி குற்றம்.

ஒருவேளை அது கவ்விவிட்டால், அடங்கிக் கிடக்காமல் அதன் கண்களையும் மூக்கையும் விடாமல் தாக்கிப் போராட வேண்டும்.