மருத்துவர்களே, இந்த ஆண்டு எதை நிறுத்தினீர்கள்?

தொடர் மருத்துவக் கல்விக்கு இத்தனை மணி நேரம் செலவிட்டதாகச் சான்று காட்டினால்தான் மருத்துவரின் பதிவைப் புதுப்பிப்போம் என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது. விதியோடு எனக்குச் சண்டை இல்லை. கணக்கோடுதான் சண்டை. ஒரு மருத்துவர் அரங்கில் இருந்தார், அல்லது இருந்ததாகக் கையெழுத்துப் போட்டார் என்பதைத் தவிர அந்தக் கணக்கு வேறெதையும் சொல்வதில்லை. மறுநாள் காலை புறநோயாளிகள் பிரிவில் அவர் எழுதிய மருந்துச் சீட்டில் ஒரு வரியாவது மாறியதா என்று கேட்பார் இல்லை.

நானும் ஒரு குழந்தை மருத்துவன். இந்தக் கூட்டங்களுக்குப் போகிறவன், சிலவற்றில் பேசியும் இருக்கிறேன். என் கருத்து இதுதான்: எங்கள் துறையில் தொடர் கல்வியின் முக்கியமான வேலை, செய்துகொண்டிருக்கும் தேவையற்ற காரியங்களை நிறுத்த வைப்பது. புதியதைச் சேர்க்க ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது, மேடை இருக்கிறது. நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை.

இது மிகையாகத் தோன்றினால், எங்கள் துறையின் வரலாற்றையே பாருங்கள். கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதுதான் நல்லது என்று ஒரு காலத்தில் மேலை நாட்டு மருத்துவர்களே பெற்றோருக்குச் சொல்லி வந்தார்கள். மல்லாந்து படுத்த குழந்தை வாந்தி எடுத்தால் புரையேறிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். பிரிட்டனில் 1991இல்தான் மல்லாந்து படுக்கவைக்கச் சொல்லும் பிரசாரம் தொடங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை 1992இல் வந்தது, நாடு தழுவிய பிரசாரம் 1994இல். அதன்பின் இந்தத் திடீர் மரணங்கள் அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மருந்து இல்லை, கருவி இல்லை, குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்தார்கள், அவ்வளவுதான்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. 2005இல் வெளியான ஓர் ஆய்வு பழைய தரவுகளையெல்லாம் முறையாகத் திரட்டிப் பார்த்தது. குப்புறப் படுப்பதன் ஆபத்தைக் கண்டுகொள்ளப் போதுமான சான்று 1970 வாக்கிலேயே இருந்தது என்பது அதன் முடிவு. அப்போதே திரட்டிப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளின் மரணத்தையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதி எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50,000 மரணங்களையும் தவிர்த்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்த இருபது ஆண்டுகளிலும் மருத்துவ மாநாடுகள் நடக்காமலா இருந்திருக்கும்? நடந்தன. சான்றிதழ்களும் கொடுத்திருப்பார்கள்.

குழந்தைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதையும் இப்படித்தான் விட்டோம். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறிக்கும் ஆஸ்பிரினுக்கும் உள்ள தொடர்பு 1980களில் தெளிவானது. இருமலுக்கும் வலிக்கும் கோடீன் என்ற அபின் வகை மருந்தைக் கொடுப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 12 வயதுக்குக் கீழே கூடவே கூடாது என்று 2017இல் நிறுத்தியது. சில குழந்தைகளின் உடல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், மூச்சே நின்றுவிடலாம். எந்தக் குழந்தையின் உடல் அப்படிப்பட்டது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

பழைய கதை போதும். இன்றைக்கும் நடப்பதைச் சொல்கிறேன். நாலைந்து மாதக் குழந்தை. இரண்டு நாளாக மூக்கொழுகல், இன்று மூச்சு வேகமாக இருக்கிறது. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குகிறது, நெஞ்சில் காது வைத்தால் விசில் சத்தம், பால் குடிப்பது பாதியாகிவிட்டது. பிராங்கியோலைட்டிஸ், அதாவது நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்களின் அழற்சி; பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸின் வேலை. இந்தக் குழந்தைக்குப் பல இடங்களில் என்ன கிடைக்கிறது? சால்பியூட்டமால் நெபுலைசர் (மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தை ஆவிபோல் சுவாசிக்கத் தரும் கருவி), ஒரு ஸ்டீராய்டு, ஒரு எக்ஸ்ரே, அந்த எக்ஸ்ரேயில் எங்கோ தெரிந்த வெள்ளைத் திட்டுக்காக ஓர் ஆன்டிபயாடிக்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2006 வழிகாட்டுதல், நெபுலைசரை ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம் என்ற வாசலைத் திறந்து வைத்திருந்தது. 2014 வழிகாட்டுதல் அந்த வாசலையும் மூடிவிட்டது. சால்பியூட்டமால் வேண்டாம், ஸ்டீராய்டு வேண்டாம், வழக்கமாக எக்ஸ்ரே எடுக்கவும் வேண்டாம் என்றது. காரணம் எளிது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சால்பியூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்தும். இங்கே அடைப்பு பெரும்பாலும் வீக்கத்தாலும் சளியாலும் உதிர்ந்த செல்களாலும் வருவது. தளர்த்துவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளைத் திட்டும் பல வேளை சளி அடைத்துச் சுருங்கிய நுரையீரல் பகுதிதான், நிமோனியா இல்லை. அந்தக் குழந்தைக்கு வேண்டியது மூக்கைச் சுத்தம் செய்வது, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது, ஆக்சிஜன் குறைந்தால் ஆக்சிஜன், கூடவே கவனமான கண்காணிப்பு.

இது தெரியாத குழந்தை மருத்துவர் அபூர்வம். பிறகு ஏன் நெபுலைசர் ஓடிக்கொண்டே இருக்கிறது? எதிரே அமர்ந்திருக்கும் தாய் கேட்கிறார்: "மூச்சு இப்படி இரைக்கிறது, ஒன்றுமே கொடுக்காமல் அனுப்புகிறீர்களே டாக்டர்?" வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருக்கிறார்கள். நெபுலைசரை மாட்டிவிடச் செவிலியரிடம் ஒரு சொல் போதும். ஏன் மாட்டவில்லை என்று விளக்க ஐந்து நிமிடம் ஆகும், அதுவும் பதறிப்போன ஒரு தாயிடம். ஆகவே கற்றுக்கொடுக்க வேண்டியது அந்த ஐந்து நிமிடப் பேச்சை. மூச்சு எண்ணிக்கையை அவரே எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது, எந்த அறிகுறி வந்தால் நள்ளிரவானாலும் திரும்பி வர வேண்டும் என்று சொல்வது, இரண்டு வாரம் வரை இருமல் நீடிக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. எந்த மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இது இருக்கிறது? நான் பார்த்ததில்லை. வைரஸின் மரபணு வகைகளைப் பற்றி வண்ணப் படங்களோடு முக்கால் மணி நேரம் கேட்டிருக்கிறேன்.

அரங்கத்தையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். காலையில் வருகைப் பதிவு மேசையில் நெரிசல். மதிய உணவுக்குப் பின் பின்வரிசைகள் காலி. கடைசி அமர்வில் பேசுகிறவர் முன்வரிசையில் இருக்கும் அமைப்பாளர்களுக்காகவே பேசுகிறார். அரங்கத்துக்கு வெளியே மருந்து நிறுவனங்களின் கடைகள், பைகள், பேனாக்கள். பேச வருகிறவர்களில் பலர் நேர்மையானவர்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் தலைப்பும் வருகிறது. புதிய ஆன்டிபயாடிக் பற்றிய அமர்வுக்குப் புரவலர் கிடைப்பார். "ஆன்டிபயாடிக்கை எப்போது எழுதாமல் இருப்பது" என்ற அமர்வுக்கு எந்த நிறுவனம் பணம் கொடுக்கும்? வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கரைசலோடு 10 முதல் 14 நாள் துத்தநாகம் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் கூட்டாகச் சொன்னார்கள். அவ்வளவு மலிவான ஒன்றைப் பற்றிப் பேச ஒரு மருந்து நிறுவனப் பிரதிநிதி பையைத் தூக்கிக்கொண்டு வந்து நான் கண்டதில்லை.

கூட்டங்களால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது, கொஞ்சம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2009 தொகுப்பாய்வின்படி, கூட்டங்களும் பயிலரங்குகளும் மருத்துவர்களின் நடைமுறையில் ஏற்படுத்தும் முன்னேற்றத்தின் இடைநிலை அளவு சுமார் 6 விழுக்காடு. உரையோடு கலந்துரையாடலும் செய்முறையும் சேர்ந்தால் பலன் கூடுகிறது. சிக்கலான பழக்கங்களை மாற்றுவதில் கூட்டங்கள் தோற்கின்றன. நெபுலைசர் விவகாரம் அந்தச் சிக்கலான வகையைச் சேர்ந்தது என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அனுபவமே ஆசான் என்று சொல்லும் மூத்தவர்களுக்கு, நானும் அந்த வரிசையில் நிற்கிற உரிமையில், ஒரு கசப்பான செய்தி. 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 62 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, தொழிலில் ஆண்டுகள் கூடக் கூடச் சிகிச்சைத் தரத்தின் அளவீடுகள் குறைவதைக் காட்டின. கைப்பழக்கம் கூடும், நோயாளியைப் படிக்கும் கண் கூடும், மறுக்கவில்லை. ஆனால் படித்த காலத்து மருத்துவமும் நம்மோடு சேர்ந்தே உறைந்துபோகிறது.

கைப்பழக்கமும் தானாக நிலைத்திருப்பதில்லை. பிறந்த குழந்தைக்கு மூச்சூட்டும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மையின் முகத்தில் முகமூடியை வைத்துப் பையை அழுத்துகிறார் ஒரு மருத்துவர். நெஞ்சு எழும்பவில்லை. இன்னும் பலமாக அழுத்துகிறார். மூக்குத் தண்டின் ஓரத்தில் காற்று கசிகிறது. தாடையைச் சற்று உயர்த்தி, விரல்களை மாற்றிப் பிடித்ததும் நெஞ்சு எழும்புகிறது. அந்த விரல் மாற்றத்தை எந்த உரையும் கற்றுத்தராது. கற்ற பிறகும் சில மாதங்களிலேயே அந்தத் திறன் தேயத் தொடங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியிருக்க, இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் முழுக்கப் பயிற்சி என்பதைவிட, பிரசவ அறை மூலையில் ஒரு பொம்மையை வைத்து மாதம் பத்து நிமிடம் பயில்வது மேல். அமெரிக்கக் குழந்தை மருத்துவ வாரியம்கூட, பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதும் பெரிய தேர்வுக்கு மாற்றாகக் காலாண்டுக்குச் சில கேள்விகள் என்ற இணையவழி முறையை 2019இல் கொண்டுவந்தது. சிறிது சிறிதாக, இடைவெளி விட்டுக் கற்பதுதான் நிலைக்கும்.

புதிய பரிந்துரை வந்த உடனே தாவ வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வேர்க்கடலை விஷயத்தில் என்ன நடந்தது? ஒவ்வாமை அபாயம் உள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கொடுக்காதீர்கள் என்று அமெரிக்கச் சங்கம் 2000இல் சொன்னது. 2008இல் அதற்குச் சான்று போதாது என்று பின்வாங்கியது. 2015இல் 640 குழந்தைகளைக் கொண்ட ஆய்வு, 4 முதல் 11 மாதத்துக்குள்ளேயே கொடுக்கத் தொடங்கினால் ஒவ்வாமை 80 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது என்று காட்டியது. நேர் எதிர்! பெற்றோர் எரிச்சலடைவதில் தவறே இல்லை. 2000இல் சொன்னது நிபுணர்களின் ஊகம், 2015இல் வந்தது சோதித்துப் பார்த்த முடிவு. இந்த வித்தியாசத்தைப் பிரித்தறியும் கண் வேண்டும். "என்ன புதிது" என்பதோடு "எந்த ஆதாரத்தில்" என்பதையும் கற்பிக்காத கல்வி, அடுத்த ஊகத்துக்கு எங்களைத் தயார்படுத்துகிறது, வேறொன்றுமில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாறு மருத்துவர்கள் மாதம் ஒருமுறை, நோயாளியின் பெயரை மறைத்த தங்கள் சொந்த மருந்துச் சீட்டுகளோடு உட்கார வேண்டும். எடை எழுதப்பட்டிருக்கிறதா? கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வருகிறது? பாரசிட்டமால் என்று மட்டும் எழுதி, சொட்டு மருந்தா சிரப்பா என்று எழுதாமல் விட்டிருக்கிறோமா? ஆறு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 60 முதல் 90 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3 மில்லி சரியான அளவு. மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் அதே 3 மில்லி என்றால் 300 மில்லிகிராம். ஒரு சொல் விடுபட்டதற்கு இவ்வளவு. இந்த மாதிரி ஒரு மாலைக்கு எந்த வாரியமும் தொடர் கல்விக்கான கிரெடிட் கொடுக்கத் தயங்கக் கூடாது. புதுப்பிப்புப் படிவத்தில் மணிக்கணக்குக்குப் பக்கத்தில் "நீங்கள் கைவிட்ட ஒரு சிகிச்சை, அதற்கான காரணம்" என்று ஒரு கட்டமும் இருக்கட்டும்.

நேரம் இல்லை என்பார்கள். தனியாளாக ஒரு மருத்துவமனையை நடத்துகிறவருக்கு உண்மையிலேயே இல்லை. அவரை நாள் கணக்கில் பயணம் செய்ய வைத்து மாநாட்டில் உட்கார்த்துவது அநியாயம். அவருக்குத்தான் இந்தச் சின்னக் குழு, காணொளி வழியாகவேனும், அதிகம் தேவை. பிழை செய்தால் பார்த்துச் சொல்ல அருகில் ஆள் இல்லாதவர் அவர்.

பெற்றோருக்கும் ஒன்று. உங்கள் மருத்துவர் மருந்தின் அளவைக் கைபேசியில் சரிபார்த்தால் "இவருக்கு ஒன்றும் தெரியாது போல" என்று முகம் சுளிக்காதீர்கள். எதையும் திறந்து பார்க்காமல் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்கிறவரிடம்தான் நான் என் வீட்டுக் குழந்தையைக் காட்டத் தயங்குவேன். "போன வருடம் இதற்கு வேறு மருந்து கொடுத்தீர்களே" என்று தயங்காமல் கேளுங்கள். ஏன் மாற்றினார் என்பதற்கு இரண்டு வாக்கியத்திலாவது பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த முறையும் கேளுங்கள்.