மாக்னா கார்ட்டாவின் 61ஆவது பிரிவு

இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனமான மாக்னா கார்ட்டாவைப் புகழ்பவர்கள் பெரும்பாலும், முறையான தீர்ப்பின்றிச் சுதந்திர மனிதர் எவரையும் சிறைப்பிடிக்கக் கூடாது என்னும் 39ஆவது பிரிவோடு நின்றுவிடுகிறார்கள். 1215 ஜூனில் ரன்னிமீட் புல்வெளியில் ஜான் மன்னரைப் பணியவைத்த பிரபுக்களை உந்தியது கொள்கையைவிடக் கடன்சுமைதான் என்பேன்.

1204இல் நார்மண்டியைப் பறிகொடுத்த ஜான், அதை மீட்கும் போருக்காகப் பத்தாண்டுகள் கசக்கிப் பிழிந்து பணம் சேர்த்தார். மன்னரின் முன்னாள் மனைவியான குளோஸ்டர் இசபெல்லாவை மணப்பதற்கு ஜெஃப்ரி டி மாண்டவில் என்ற பிரபுவின் தலையில் 20,000 மார்க், அதாவது 13,000 பவுண்டுக்கும் மேல், கட்டப்பட்டது. தந்தையின் பெருநிலத்தைப் பெறும் வாரிசு 100 பவுண்டு செலுத்தினால் போதும் என்று சாசனத்தின் 2ஆவது பிரிவு வரம்பு கட்டியது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும். 1214இல் பூவின் (Bouvines) என்ற ஊரில் நடந்த போரில் ஜானின் கூட்டணி தோற்க, சேர்த்த பணமெல்லாம் பாழானது. பிரபுக்களுக்குத் துணிவு வந்தது.

சாசனத்தைக் காப்பதற்கென்று எழுதப்பட்ட 61ஆவது பிரிவின்படி 25 பேர் கொண்ட குழு அமையும். மன்னர் வாக்குத் தவறினால் அவர்களில் நால்வர் முறையிடுவார்கள். 40 நாட்களில் நியாயம் கிடைக்காவிட்டால், அரச குடும்பத்தாரின் உடலுக்குத் தீங்கு செய்யாமல், கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றலாம். உள்நாட்டுப் போருக்கே சட்டம் உரிமம் கொடுத்த விந்தை இது. மாண்டவில் உட்பட அந்த 25 பேரும் ஏறக்குறைய முழுக்க எதிரணியினர். ஜானை விடுங்கள், நல்ல மன்னர்கூட இதை மனமார ஏற்றிருக்க மாட்டார்.

ஆகஸ்டில் போப் மூன்றாம் இன்னசென்ட் சாசனத்தைச் செல்லாததாக்கினார். இலையுதிர் காலத்தில் ரோச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்ட ஜான், உண்ண உதவாத கொழுத்த பன்றிகளாக 40 அனுப்பும்படி ஆணையிட்டார். அடித்தளத்தின் கீழ் குடைந்த சுரங்கத்தின் மரத் தாங்கிகளை அந்தக் கொழுப்பு எரித்தது, கோட்டையின் ஒரு மூலை சரிந்தது. திருப்பிக் கட்டிய அந்த மூலை மட்டும் இன்றும் வட்டமாக நிற்கிறது.

1216 அக்டோபரில் ஜான் இறந்த பிறகு, ஒன்பது வயது மூன்றாம் ஹென்றியின் சார்பில் ஆண்ட வில்லியம் மார்ஷல், 61ஆவது பிரிவை நீக்கிவிட்டுச் சாசனத்தை மீண்டும் வெளியிட்டார். அது பிழைத்ததற்கு அந்த நீக்கமே காரணம் என்று கருதுகிறேன். ஆனால் மன்னர் வாக்கு மாறினால் யார் தட்டிக்கேட்பது என்ற கேள்வி அந்தரத்திலேயே நின்றது. 1258இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய பிரபுக்கள், சீர்திருத்தக் குழுவின் 24 பேரில் பாதிப் பேரை மன்னர் தரப்பிலிருந்தே எடுத்தார்கள். அப்படியும் ஆறே ஆண்டுகளில் ஹென்றி, லூயிஸ் (Lewes) என்ற ஊரின் போர்க்களத்தில் பிரபுக்களின் தலைவரான சைமன் டி மான்ட்ஃபோர்ட்டிடம் சிறைப்பட்டார்.