‘எல்லாம் செட் பண்ணிட்டேன் சார்!’

யார் கேட்டது அந்த சர்வீஸ்காரப் பையனை? எங்கள் அச்சகத்தில் ஃபைலைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றுகிற ரிப் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கத்தானே கூப்பிட்டோம்? போட்டோமா, கையெழுத்து வாங்கினோமா, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோமா என்று இருக்க வேண்டாமா?

"பழைய கர்வ்ல ஏதோ தப்பு சார். 50 போட்டா பிளேட்ல 42 விழுது. 50க்கு 50 வர மாதிரி லீனியர் பண்ணிட்டேன்."

தப்பாம்! ஃபைலில் இத்தனை சதவீதப் புள்ளி இருந்தால் பிளேட்டில் எத்தனை விழ வேண்டும் என்கிற கணக்குதான் கர்வ். தம்பி, அந்த 42 என்னுடைய மூன்று வார உயிர். பிளேட்டில் 50 சதவீதமாக இருக்கிற புள்ளி, பிளாங்கெட் என்கிற ரப்பர் விரிப்பில் நசுங்கி, பேப்பரில் பரவி, எங்கள் கிழட்டு மிஷினில் 74 ஆகி வந்து பல்லிளிக்கும். அச்சுத் தர விதியான ஐஎஸ்ஓ 12647-2 சொல்கிறபடி ஆர்ட் பேப்பரில் அது 65 பக்கம் நிற்க வேண்டும். அதற்காகத்தான் டெஸ்ட் சார்ட் ஓட்டி, மை காயக் காத்திருந்து, கட்டம் கட்டமாக, மை அடர்த்தியை அளக்கிற டென்சிட்டோமீட்டர் வைத்து, நாலு கலருக்கும் தனித்தனியாக கர்வ் போட்டேன். பிளேட்டை லீனியர் ஆக்குவது முதல் வேலை. மிஷின் ஊதுவதைக் கழிப்பது இரண்டாவது. துரை இரண்டாவதை அழித்துவிட்டு முதலாவதைக் காட்டி ‘கரெக்ட்’ என்கிறார்.

பேக்கப்? "பழசு மேலயே சேவ் பண்ணிட்டேன் சார்."

இதெல்லாம் எப்போது தெரிந்தது என்கிறீர்கள்? எம்.சி. ரோடு துணிக்கடை ஒன்றின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் மிஷினில் ஏறிய பிறகு.

"இன்னாபா இது, பொண்ணு மூஞ்சி வெந்த மாதிரி கீது?" என்றார் மிஷின்மேன் அண்ணன். ஃபைலில் கோளாறு என்றார் அவர். நீங்கள் மையை அள்ளிக் கொட்டுகிறீர்கள் என்றேன் நான். மெஜந்தா என்கிற சிவப்பு மையைக் குறைத்தார். முகம் தெளிந்தது, ‘50% தள்ளுபடி’ என்ற கொட்டைச் சிவப்பு வெளுத்துவிட்டது. திரும்ப ஏற்றினார். முகம் வெந்தது. குறைத்தார், வெளுத்தது. ஏற்றினார், வெந்தது. முகத்தில் இருக்கிற மாதிரி நடு டோன் புள்ளிகள் ஊதினால், மையைக் கூட்டிக் குறைக்கிற சாவியைத் திருகி ஒன்றும் ஆகாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் திருகினோம். இரண்டு ரீம் போனது.

இதற்கு நடுவில் கடை மேனேஜர். போனை முழு வெளிச்சத்தில் வைத்து ஷீட்டுக்குப் பக்கத்தில் பிடித்து, "இந்த மாம்பழக் கலர்தான் சார் வேணும், இது புளிக்குழம்பு மாதிரி இருக்கு" என்கிறார். டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு தடவை, வாசலில் வெயிலில் ஒரு தடவை, மறுபடி உள்ளே வந்து ஒரு தடவை. போன் வெளிச்சத்தால் காட்டுகிறது, நாங்கள் மையால் காட்டுகிறோம் என்று விளக்கலாம்தான். அன்றைக்கு நிஜமாகவே புளிக்குழம்பாகத்தான் இருந்தது. எந்த வாயை வைத்துக்கொண்டு விளக்குவது?

சர்வீஸ்காரனுக்குப் போன் போட்டேன். "டிஃபால்ட்ல நல்லாத்தானே சார் வரணும்?"

ராத்திரி இரண்டு மணி வரை பழைய சார்ட் ஷீட்டைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாக மறுபடி அடித்து, எட்டு பிளேட் வீணாக்கி, ஒருவழியாக 42.

வீட்டுக்கு வந்தால் டிவி ஓடுகிறது. புது டிவி. ஹீரோவின் முகம் தக்காளி மாதிரி, புல்வெளி கிளிப்பச்சை. விவிட் மோட். பேசாமல் ரிமோட்டை எடுத்தேன்.

"டேய், அதைத் தொடாதே" என்றாள் அம்மா. "மாட்ட வந்த பையன் எல்லாம் சரியா செட் பண்ணிட்டுப் போயிருக்கான்."