கொட்டிக் குடுத்தாங்களாம், நாங்கதான் படிக்கலையாம்

அந்த வீடியோவ நான் இங்க போட மாட்டேன். பார்த்தவங்களுக்கு எதப் பத்திப் பேசுறேன்னு தெரியும், பார்க்காதவங்க பார்க்கவே வேணாம். இலங்கை மலையகத்துல, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையோட கட்டடத் திறப்பு விழா மேடையில நின்னுக்கிட்டு, "வெளிநாட்டுக்காரங்க இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொட்டோ கொட்டுன்னு கொட்டியாச்சு, இன்னும் கைய நீட்டிக்கிட்டுதான் இருக்காங்க, படிக்கத்தான் மாட்டேங்கிறாங்க"ன்னு ஒருத்தர் பேசுறாரு. முன்னால வெயில்ல வரிசையா நின்ன பிள்ளைங்க கை தட்டுறாங்க, ஏன்னா டீச்சர் தட்டச் சொல்லியிருக்காங்க. பன்னீர்ச் செம்பு தூக்கிக்கிட்டு ஓரத்துல நின்ன பொண்ணு மட்டும் தட்டல, அதுக்குக் கை காலியில்ல. அந்தப் பிள்ளையோட முகத்தத்தான் ரெண்டு நாளா என்னால மறக்க முடியல.

சரி, கொட்டினாங்கன்னே வச்சுக்குவோம். எவ்வளவு கொட்டினாங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி ஏன் கொட்ட வேண்டி வந்துச்சுன்னு கேளுங்க. நம்ம நாட்டுல இலவசக் கல்வி வந்தது 1945ல, கல்வி மந்திரியா இருந்த கன்னங்கரா காலத்துல. வருஷா வருஷம் அவருக்கு மாலை போடுறோம், போட வேண்டியதுதான், பெரிய மனுஷன். ஆனா அந்த இலவசக் கல்வி தோட்டத்து கேட்டத் தாண்டி உள்ள வரவே இல்ல. எங்க பிள்ளைங்க அப்பவும் தோட்டத்த நடத்துற தொரை வச்ச பள்ளிக்கூடத்துலதான் கிடந்தாங்க. 1920 கல்விச் சட்டத்துல தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கிறது தோட்ட நிர்வாகத்தோட பொறுப்புன்னு எழுதி வச்சாங்க, அவங்களும் நாங்க குடியிருக்குற வரிசை வீடு, அந்த லயத்துக்குப் பக்கத்துல ஒரு கொட்டகை, அதுல ஒரு வாத்தியார், அஞ்சாம் வகுப்போட சரி, அதுக்கப்புறம் கொழுந்துக் கூடை. 1948ல எங்க பிரஜாவுரிமையையும் பறிச்சாச்சு, ஓட்டு இல்லாத சனத்துக்கு எந்த எம்.பி. வந்து ஸ்கூல் கட்டப் போறான்? அரசாங்கம் தோட்டப் பாடசாலைகள முழுசாக் கையில எடுத்து முடிக்கிறப்போ 1970கள் முடிஞ்சிருச்சு. முப்பது வருஷத்துக்கு மேல. அதாவது என் தாத்தாவும் அம்மாவும் படிக்க வேண்டிய வருஷம் பூரா.

இதே காலத்துல இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டு வந்தது எது? தேயிலை. மத்த ஊர்ல ஸ்கூல் கட்டின காசுல, புத்தகம் அடிச்ச காசுல, டீச்சருக்குச் சம்பளம் குடுத்த காசுல என் அம்மாச்சி பறிச்ச கொழுந்தும் இருக்கு. எல்லார் பிள்ளையும் படிக்க அவங்க உழைச்சாங்க, அவங்க பிள்ளைக்கு மட்டும் கொட்டகை. அதனாலதான் சொல்றேன், எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்த வெளிநாட்டுக் காசு பிச்சை இல்ல. இந்த நாடு எங்களுக்குக் குடுக்காம விட்டத ஸ்வீடன்காரன் மாதிரி வேற எவனோ குடுத்தான்.

"அப்போ ஸ்வீடன்காரன் உங்களுக்குக் கடன்பட்டவனா"ன்னு ஒரு தம்பி கொமெண்ட்ல கேட்டிருந்தாரு. இல்ல தம்பி. ஸ்வீடன் எங்களுக்கு ஒரு சதம் கடன்படல. அதனாலதான் அவங்க மேல எனக்கு நன்றி இருக்கு, சாகுற வரைக்கும் இருக்கும். 80கள்ல இருந்து ஸ்வீடன் அரசாங்கத்தோட உதவி நிறுவனமான சீடா குடுத்த காசுலதான் மலையகத்துல எத்தனையோ தோட்டத்துப் பாடசாலை கட்டடமா நிமிர்ந்துச்சு. நான் படிச்சதும் சீடா கட்டடத்துலதான். நீள ஹோல், அரைச் சுவர், மேல தகரம், வகுப்புக்கு வகுப்பு நடுவுல கரும்பலகைய நிறுத்தி வச்சிருப்பாங்க. ரெண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னா நாலாம் வகுப்புக்குக் கேட்கும், மழை பிடிச்சா யாருக்கும் ஒண்ணும் கேட்காது, சேர் சோக்கக் கீழ வச்சிட்டு "பார்த்து எழுதுங்க"ன்னுட்டு ஜன்னல் பக்கம் போயிருவாரு. அவ்வளவுதான் வசதி. ஆனா அதுக்கு முன்னாடி இருந்த கொட்டகைய என் அம்மா சொல்லக் கேட்டா இது மாளிகை.

அந்தக் கட்டடத்தையும் ஸ்வீடன்காரன் வந்து தனியா கட்டிட்டுப் போகல. ஞாயித்துக்கெழமையில காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு இல்லாத நேரத்துல ஆத்துல இருந்து மணலும் கல்லும் சுமந்தது எங்க ஆளுங்க. எங்க தாத்தா சுமந்தாரு, அவரு தோள்பட்டையில காய்ப்பு இருந்துச்சு, எனக்குத் தொட்டுக் காட்டியிருக்காரு. சிரமதானம்னு பேரு, கூலி கிடையாது. கைநீட்டிக்கிட்டு நின்னவங்களாம்! மேடையில பேசுறவருக்கு இதெல்லாம் யாரும் சொல்லலையா, சொல்லியும் காதுல விழலையா?

ஜெர்மன்காரங்க உதவியில பத்தனையில ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்துச்சு. அதுல படிச்சு வெளிய வந்த டீச்சர்மார் இல்லாட்டி இன்னைக்கு மலையகத்துல பாதி ஸ்கூல் பூட்டித்தான் கிடக்கும். காசு எங்க போச்சுன்னு கேக்குறவங்க அந்த டீச்சர்மார் கிட்டப் படிச்ச பிள்ளைங்க எத்தனை பேர் இன்னைக்கு கிளார்க்கா, நர்ஸா, டீச்சரா, லோயரா இருக்காங்கன்னு ஒருக்காப் போய்ப் பாருங்க. படிக்கலையாம். கொட்டகையில இருந்து கெம்பஸ் வரைக்கும் ஒரே தலைமுறையில வந்த சனத்தப் பார்த்து படிக்கலன்னு சொல்ல எப்பிடி வாய் வருது?

எல்லாம் சரியாயிருச்சுன்னு நான் சொல்லல. கட்டடம் வந்துச்சு, டீச்சர் வரல. இதுதான் எல்லா வெளிநாட்டு உதவியிலயும் இருக்குற பிரச்சினை. கட்டடத்துக்குத் திறப்பு விழா வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுத்து ரிப்போர்ட்ல ஒட்டலாம். இருபது வருஷத்துக்கு ஒரு கணக்கு டீச்சருக்கு மாசா மாசம் சம்பளம் போடுறதுக்கு எந்த நாடும் வராது, வரவும் கூடாது. அது நம்ம அரசாங்கத்தோட வேலை. அந்த வேலைய அரசாங்கம் எப்பிடிச் செஞ்சுச்சு? 2015 வாக்குல தோட்டப் பாடசாலைகளுக்குன்னு மூவாயிரம் பேர் அளவுல ஆசிரிய உதவியாளர்னு எடுத்தாங்களே, மாசம் ஆறாயிரம் ரூபா. ஆறாயிரம்! பஸ்ஸுக்கே பத்தாது. அதப் பத்தாயிரமா ஆக்குறதுக்கு அவங்க ரோட்டுல நின்னாங்க. என் கூடப் படிச்ச பிள்ளை ஒண்ணு அப்பிடிப் போய் ரெண்டு பஸ் மாறி, மீதி தூரம் கொழுந்து லொறியில ஏறி தோட்டத்தோட உள் பிரிவுல இருக்குற ஒரு டிவிஷன் ஸ்கூல்ல போய்ப் படிப்பிச்சிச்சு. மத்தியானத்துக்கு வீட்டுல கட்டின ரொட்டி. அது வாங்கின காசு அதே வீட்டுல கொழுந்து பறிச்ச தங்கச்சி வாங்கினதவிடக் குறைவு. எங்க பிள்ளைகளுக்கு டீச்சரும் பாதி விலைக்குத்தான் குடுக்கணும்னு யாரு முடிவு பண்ணினது? கொட்டினது வெளிநாட்டுக்காரன்னா, கொட்டாம இருந்தது யாருன்னு அந்த மேடையில ஒருத்தரும் கேக்கல.

"தொழிற்சங்கத் தலைவர்மார் தின்னதப் பேச மாட்டீங்களா"ன்னு வருவீங்க, தெரியும். தின்னாங்க. இன்னொரு நாள் பேசுவோம். "சிங்களக் கிராமத்துலயும் டீச்சர் இல்ல"ம்பீங்க. இல்லதான், அவங்களுக்காகவும் பேசுங்க, நான் கூட நிக்கிறேன், ஆனா எங்க வாய மூட வைக்க மட்டும் அவங்களக் கூட்டிக்கிட்டு வராதீங்க.

எனக்கு உண்மையிலயே வலிச்சது வேற ஒரு கொமெண்ட். அதுவும் நம்ம ஆளு ஒருத்தரே, மலையகத்துல பொறந்து இப்ப கொழும்புல நல்ல நிலைமையில இருக்குறவரு எழுதினது: "தாய் தகப்பன் குடிச்சிட்டுக் கிடக்குறாங்க, பிள்ளைகளக் கடைக்கு வேலைக்கு அனுப்புறாங்க, ஸ்வீடன் என்ன செய்யும்"னு. அண்ணே, எங்க வீட்டுலயும் குடி இருந்துச்சு. மறைக்கல. ஆனா என் அம்மா ஸ்கூல்ல பெற்றார் கூட்டம்னா கொழுந்து பறிக்கிற மலையில இருந்து பாதியில எறங்கி வருவாங்க. எறங்கினா அன்னைக்கு அரைப்பேருதான். அரை நாள் சம்பளம் போகும்னு தெரிஞ்சே வருவாங்க, கால்ல அட்டை கடிச்ச ரத்தத்தோட, இடுப்புல கட்டின படங்குச் சாக்க வாசல்ல அவுத்து வச்சிட்டு, கடைசி வாங்குல ஓரமா உக்காருவாங்க. சேர் சொல்றதுல பாதி அவங்களுக்குப் புரியாது. எழுந்திருச்சு ஒரே ஒரு கேள்விதான் கேட்பாங்க, "எம் பிள்ளை ஒழுங்கா வருதுங்களா சேர்?" அவ்வளவுதான். ஆயிரம் ரூபா நாள் சம்பளத்துக்கு 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்த சனம் இது. அந்தச் சம்பளத்துல பாதிய விட்டுக் குடுத்துட்டு கூட்டத்துக்கு வந்த பொம்பளைங்க ஒவ்வொரு லயத்துலயும் இருந்தாங்க, இன்னைக்கும் இருக்காங்க. உங்க அம்மாவும் அப்பிடி வந்திருப்பாங்க அண்ணே, யோசிச்சுப் பாருங்க. எழுதுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கலாம்.

நான் வெளிநாட்டு உதவி வேணாங்கல. வரட்டும். மலையக மக்கள் இங்க வந்து 200 வருஷம்னு 2023ல இந்தியா 75 கோடி இந்திய ரூபா அறிவிச்சாங்க, தோட்டப் பாடசாலைகளுக்கும் உதவி வருது, நல்லது, நன்றி. ஆனா ஒவ்வொரு தடவையும் எங்க பிள்ளைகள வெயில்ல நிறுத்தி, பன்னீர் தெளிக்க வச்சு, நன்றி சொல்ல வச்சு, அப்புறம் அதே மைக்குல பிச்சைக்காரன்னு சொல்லாதீங்க. காசு குடுத்த நாட்டுக்காரன் அப்பிடிச் சொல்லி நான் கேட்டதில்ல. நம்ம ஆளுங்கதான் சொல்றாங்க.

விழா நடந்த அந்த ஸ்கூல்ல இன்னைக்குத் தேதிக்கு ஓஎல் பரீட்சை எழுதுற வகுப்புக்குக் கணக்கு டீச்சர் இல்ல, விஞ்ஞானத்துக்கும் இல்ல. புதுக் கட்டடத்துல மேல் மாடி ரெண்டு வகுப்பு சும்மாதான் கிடக்கு. அங்க படிப்பிக்கிற ஒருத்தர் எனக்கு நேத்து ராத்திரி கோல் எடுத்துச் சொன்னது இது. வீடியோவ ஷெயார் பண்ணினவங்க, கைதட்டி இமோஜி போட்டவங்க, மேடையில பேசினவரு, யாரா இருந்தாலும் சரி, திங்கக்கெழமை வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போய் அந்த ரெண்டு வெற்றிடத்தப் பத்திக் கேட்போம் வாங்க. காலையில ஒம்போது மணிக்கு நான் அங்க இருப்பேன்.